பூட்டி வைத்த புத்தகம்

ஒரு பள்ளிக்கூட நூலகத்து அலமாரியில் பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது. அக்கரை ஊர்க்காரர்களை இழிவாகப் பேசும் புத்தகம் ஒன்று உள்ளே இருந்தது. இப்போது படிக்கிற பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே அதைப் பூட்டிவிட்டார்கள்.

ஆனாலும் தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தப் புத்தகத்தின் குரல் கேட்கும். "அக்கரைக்காரங்க தொட்ட தண்ணி ஆகாது."

பூட்டு உடனே, "வாயை மூடு, சனியனே!" என்று உள்பக்கம் பார்த்துக் கத்தும். குரல் நிற்காது.

ஒருநாள் கதவிடுக்கில் கரையான் ஒன்று தலைநீட்டியது.

"யாரைத் திட்டுறீங்கண்ணே? அந்தப் புத்தகத்தை நாங்க எப்பவோ தின்னு தீர்த்தாச்சே. அட்டைகூட மிச்சமில்லை."

"அப்போ பேசுறது யாரு?"

"வெளியே பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் பிள்ளைகள் நின்றார்கள். அக்கரையிலிருந்து வரும் செந்தாமரை மட்டும் தம்ளரோடு தள்ளி நின்றாள். மற்றவர்கள் அதே வரியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒரே குரலில் சொன்னார்கள்.

பூட்டு கத்தியது. "அது பொய்யின்னு யாராவது சொல்லுங்களேன்!"

"அது ஏன் பொய்யின்னு யாரோ ஒரு டீச்சர் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்கண்ணே," என்றது கரையான். "அதையும் சேர்த்துத்தான் தின்னோம்."