கூரைமேல் வசதி

"செல்லாயி, கேன்வஸத் தூக்கிக் குடு! வெல்ஃபேர் அம்மா கோயில் முக்குல திரும்பிட்டாங்களாம்!"

ஏணியில் நின்று கத்தினார் தலைவர் தனேஸ்வரன். பாத்திக் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. 'பசுமை ஒளி இயக்கம்' தொடங்கி, மானியம் வாங்கி, ஆற்றோரப் பழைய ரப்பர்த் தோட்டத்து லயத்தில் முதல் இலவச சோலார் தகட்டைச் செல்லாயி வீட்டுக் கூரையில் மாட்டியவர் அவர்தான். திறப்பு விழாவில் தகடு ஒன்று, மாலை மூன்று, பேச்சு ஒரு மணி நேரம்.

"கரண்டே இன்னும் வரலியே அண்ணே. அதுக்குள்ள எதுக்கு மூடணும்?"

"கனெக்சன் வரும் லா, மேலிடத்துல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். சோலார் வச்ச வீடு வசதியான வீடுன்னு இப்ப புது ரூல். கண்ணுல பட்டுச்சுன்னா உன் உதவிப்பணத்த வெட்டிருவாங்க. அப்புறம் தேவன யாரு பாத்துக்குவா?"

உள்ளே கட்டிலில் அவள் கணவன் தேவன் இருமினான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து கால் இரண்டும் போனதிலிருந்து அவனுக்கு மருந்து, பால்மாவு, பேம்பர்ஸ் எல்லாமே அந்த உதவியில்தான்.

செல்லாயி கேன்வஸைத் தூக்கிக் கொடுத்தாள். "எங்க மேல உங்களுக்கு எவ்ளோ அக்கறை அண்ணே."

"தலைவன்னா சும்மாவா?"

தகட்டை மூடி, கயிற்றை அதன் சட்டத்திலேயே இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். அவர் கால் தரையில் பட்டபோது கார் வந்து நின்றது.

அதிகாரி பெட்ரீசியா இறங்கியதும் கூரையைத்தான் பார்த்தார். "மேல என்னக்கா மூடி வச்சிருக்கு?"

"ஒழுகுது மேடம்," தலைவர் முந்திக்கொண்டார். "ஏழை ஜனங்க. நான்தான் கவனிச்சிக்கிறேன்."

"நான் அவங்களக் கேட்டேன்." பெட்ரீசியா செல்லாயி பக்கம் திரும்பினார். "அக்கா, சோலார் இருந்தா உதவி நின்னுடும், என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா மறைச்சீங்கன்னு தெரிஞ்சா இதுவரைக்கும் வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

செல்லாயி கூரையை அண்ணாந்து பார்த்தாள். பின்னால் நின்ற தலைவர், "ஒழுகுதுன்னு சொல்லு... ஒழுகுதுன்னு சொல்லு" என்று மந்திரம் ஓதினார். உள்ளே மறுபடியும் இருமல்.

"சோலார்தான் மேடம்!" என்றாள் செல்லாயி. "எனக்குப் பொய் சொல்ல வரல. நீங்களே பாத்துக்குங்க!"

கூரையிலிருந்து தொங்கிய கயிற்று நுனியைப் பிடித்து வேகமாக இழுத்தாள்.

"ஐயோ, இழுக்காத லா!" தனேஸ்வரன் பாய்ந்து வந்தார். அதற்குள் கேன்வஸோடு தகடும் சரிந்து பெட்ரீசியாவின் காலடியில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கப் போகிறது என்று செல்லாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

'டொக்' என்று மட்டும் கேட்டது.

பெட்ரீசியா குனிந்து சுரண்டினார். நகத்தில் நீலச் சாயம் வந்தது. சாயத்துக்கு அடியில் பலகை.

"இது சோலாரே இல்லக்கா. பயப்படாதீங்க, உங்க உதவி நிக்காது" என்றபடி அதைத் திருப்பிப் போட்டார்.

பலகையின் மறுபக்கத்தில், 'இனிய தீபாவளி வாழ்த்துகள்' என்ற கொட்டை எழுத்துகளுக்குக் கீழே, கழுத்தில் மாலையோடு, இரு கைகளையும் கூப்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் தலைவர் தனேஸ்வரன்.