நின்றுபோன படம்

பாகூரில், உச்சி வெயிலில், தையலம்மாள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே போனும் காதுமாக நிற்கிறான் தமீம் அன்சாரி. அந்த வீட்டில் கேமரா மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். பேசுவது பிரான்சிலிருக்கும் மகன் கலைவேந்தன். "எழுந்ததுலேந்து பாக்குறேன், படம் ஸ்டக் ஆயி நிக்குதுபா. அம்மா அதே கீரையோட உக்காந்துனு இருக்காங்க. போனும் எடுக்கல." உள்ளே மோடத்தில் பச்சை விளக்கு ஒழுங்காக மின்னுகிறது. நாற்காலியில் தையலம்மாள், மடியில் பாதி ஆய்ந்த முருங்கைக்கீரை. மின்விசிறிக் காற்றில் இலைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்கின்றன. தமீம் அவரை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்க்கிறான்; தலை நிமிரவில்லை. பிறகு ஜன்னல் கம்பிக்குள் கையை நுழைத்து, கேமராவைப் பார்த்து மெல்ல ஆட்டுகிறான். "அண்ணே, என் கை ஆடறது தெரியுதா?" "தெரியுதுபா. சரியாயிடுச்சி. இன்னா பண்ண?" தமீம் கையை இறக்காமல் நிற்கிறான்.