மேற்கோள் காட்டியவர்கள்

இஸ்திரி போட்டு வந்த வெள்ளைச் சட்டையை அவர் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக் காலைப் பாராட்டு விழாவுக்கு.

அவள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே கொண்டுவந்த காகிதத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கோமு, நேத்து மூணு பேரு. அதுல ஒருத்தன் பிரேசில்."

தினமும் காபியோடு அவர் சொல்லும் முதல் சேதி அதுதான். மற்ற வீடுகளில் தங்கம் விலை பார்ப்பார்கள். இவர், உலகத்தில் யார் யார் தன் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்.

முப்பது வருடத்துக்கு முந்தைய கட்டுரை. கல்லீரல் புற்றுநோய்ச் செல்லில் ஒரு மரபணு என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. அதன்பின் அவர் எழுதியதெல்லாம் அதன் நிழலில்தான் நின்றது. அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழேயே அதன் மேற்கோள் எண்ணிக்கையையும் அச்சடித்துவிட்டார்கள்.

நாலாயிரத்துச் சொச்சம்.

அவளுக்கும் அதே துறை. அடுத்த மாதம் ஓய்வு. அவருக்குப் பின் அவள் பொறுப்பேற்ற ஆய்வகத்தை ஒழித்துக் கொடுக்கும்போது, திரவ நைட்ரஜன் தொட்டியின் அடியில் அவர் கையெழுத்தோடு ஒரு குப்பி கிடைத்தது.

அந்தக் கட்டுரையின் செல்கள்.

இப்போதெல்லாம் அடையாளச் சோதனை செய்யாமல் எந்தச் செல்லையும் யாரும் கைமாற்றுவதில்லை. அன்றைக்கு அப்படி ஏது? அண்டை வீட்டில் உறைமோர் கேட்பதுபோல் அடுத்த ஆய்வகத்தில் கேட்டு வாங்கிவந்து வளர்த்துக்கொண்டார்கள். குப்பியில் என்ன பெயர் ஒட்டியிருந்ததோ, அதுதான் செல்.

வழக்கம்போலத்தான் சோதனைக்கு அனுப்பினாள்.

விழா முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்துப் பார்த்தாள். கழுத்தில் மாலையோடு வீடு திரும்பும் மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சோதனை முடிவு இருந்த காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார்.

அவை கல்லீரல் செல்களே இல்லை.

வேகமாகப் பெருகும் வேறொரு செல், என்றோ ஒருநாள், யார் கையாலோ, ஒரு துளி கலந்திருக்கிறது. அசலை இருந்த இடம் தெரியாமல் அழித்திருக்கிறது. அத்தனை வருடம் அவர் உற்றுப் பார்த்தது அதைத்தான்.

"இன்னொரு தடவை..."

"ரெண்டு தடவை பண்ணிட்டேங்க. வெளியில குடுத்தும் பாத்துட்டேன்."

காபியில் ஆடை படிந்தது.

"நாலாயிரம் பேரு," என்றார்.

நேற்றுவரை அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சிரிப்பு இருக்கும். இப்போது, வழி தப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டவர்களை எண்ணுகிறவரைப்போல் இருந்தது.

எழுந்துபோய் விழாக்காரர்களைப் போனில் அழைத்து, வரவில்லை என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். கட்டுரை தப்பு."

பிறகு சட்டையை மடித்தார். கசங்காமல், மடிப்பு பிசகாமல்.

மடிக்கணினியைத் திறந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தாள். அவர் மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்தார்.

"எல்லாருக்குமா எழுதப் போறீங்க?"

"பிரேசில்காரனுக்கு மொதல்ல. பாவம், இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான்."

பிரேசில்காரனுக்குக் கடிதம் போனது.

"அடுத்து?"

"ரொம்ப நாளா நம்பினவங்களுக்கு."

பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினார். பழையது மேலே வந்தது.

முதல் பெயர், எஸ். கோமதி.

இனிஷியல் அப்போது அவள் அப்பாவுடையது.

முனைவர் பட்டத்துக்காக அவள் எழுதிய முதல் கட்டுரை. அவருடையதை நம்பி எழுதியது. அதற்காக ஒரு சந்தேகம் கேட்டு அவள் போட்ட கடிதத்துக்கு, முகம் தெரியாத அவர் நாலு பக்கம் பதில் எழுதியிருந்தார். எல்லாம் அதிலிருந்துதான்.

அவர் விரல்கள் விசைப்பலகையின்மேல் அப்படியே நின்றன.

மடிக்கணினியை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.