அடுத்த வசனம் என்ன?

மணிமேகலை வசனம் எழுதிய சீரியல் அன்று ஆரம்பம். பாலக்கரை வீட்டில் சொந்தக்காரர்களுக்கு விருந்து.

"சீரியல் மாமியார் வாயைத் திறந்ததும் டிவியை நிறுத்துவேன். அடுத்த வசனத்தைச் சொன்னா குக்கர் பரிசு!" என்றான் கணவன் ஹரிஹரசுதன்.

மணிமேகலை அவசரமாகக் குறுக்கிட்டாள். "அது வேணாங்க. மியூசிக்கல் சேர் வைக்கலாம்."

"பெரியத்தையும் சித்தப்பாவும் நாற்காலிக்கு அடிச்சுக்கணுமா?"

விளையாட்டு தொடங்கியது. நிறுத்திய இடத்திலெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி, குக்கரைத் தட்டிக்கொண்டு போனது அவள் மாமியார் வேலம்மாள்.

"எப்படி அண்ணி?" என்று சித்தப்பா வாய்பிளந்தார்.

"தினம் இவளை நான் திட்டுறதுதானே!"

மணிமேகலை மெல்லச் சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தாள். வேலம்மாள் குக்கர் மூடியை அழுத்தி மூடினார்.

"அடுத்த வாரத்துக்கும் வசனம் வேணும்ல? இவங்கல்லாம் கிளம்பட்டும், தரேன்."