நீல மூடிச் சொட்டு மருந்து

போர்ட் சயீத் கடைத்தெருவின் நடுப்பகல் வெயில் மருந்துக்கடைக் கண்ணாடிப் பலகையில் பட்டு மர்சூக்கின் இடது கண்ணைக் குத்துகிறது. வெல்டிங் வேலையில் நேற்று பொறி தெறித்த கண் அது. கோவைப்பழமாய்ச் சிவந்து கிடக்கிறது. நாளைக் காலை கப்பல் பட்டறையில் கண் பரிசோதனை. தேறினால் நிரந்தர வேலை. பலகையில் மூடியின் படம் அச்சிட்ட மூன்று வெள்ளைச் சொட்டு மருந்துப் பெட்டிகள் இருக்கின்றன. எழுத்தை விட்டுவிட்டு, கூட்டாளிகள் சொன்ன நிறத்தை அவன் தேடுகிறான். "வெல்டிங் பொறி பட்டுருச்சு. அந்த நீல மூடி போதும், டாக்டரம்மா. சிவப்பு போனாச் சரி." மருந்தாளர் இனாஸ் பெட்டியைக் கொடுக்கவில்லை. "பொறி பட்டதுக்கு என்ன செஞ்சீங்க, மேஸ்திரி?" "எல்லாரும் செய்யறதுதான். உருளைக்கிழங்கை வெட்டி வச்சுக் கட்டினேன்." பின்னால் நிற்கும் மீன்காரர் விடுவாரா? "வறுத்துத் தின்னிருந்தா வயித்துக்காவது ஆயிருக்குமேய்யா!" கடையே சிரிக்கிறது. மர்சூக்கும் சிரிக்கிறான், விரல்கள் மட்டும் பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

"வலது கண்ணைப் பொத்துங்க," என்கிறாள் இனாஸ். "என் கையில எத்தனை பெட்டி இருக்கு?" மின்விசிறி கடகடக்கிறது. கண்ணைப் பொத்திய உள்ளங்கையில் இரும்பு வாடை. எதிரே பால் கொட்டினாற்போல் ஒரே வெள்ளை. அதற்குள் இன்னும் கொஞ்சம் வெள்ளை. பெட்டியும் வெள்ளைதானே என்று அவன் மனம் கணக்குப் போடுகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு," என்கிறான், சந்தேகமே இல்லாதவன் போல. மர்சூக் மெல்லக் கையை எடுக்கிறான். இனாஸின் இரண்டு கைகளும் வெள்ளை அங்கியின் பைகளுக்குள் இருக்கின்றன.