பின்பாரம்

“அக்கா, இது பின்சக்கரம் தள்ளுற காரு. அதுவும் முரட்டு எஞ்சின். கிளம்பும்போதே ஓங்கி மிதிச்சா டயர் சுத்தத்தான் செய்யும்,” என்றான் மெக்கானிக். ஐம்பது வயதில் இந்த அம்மாவுக்கு யாரோடு பந்தயம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

“ஆறு வருஷமா இதே மிதிதான் தம்பி. ரெண்டு மாசமாத்தான் பின்னாடி வழுக்குது. மழையில பயமா இருக்கு.”

டயரைத் தடவிப் பார்த்தான், தேய்மானமே இல்லை. காற்றும் சரியாக இருந்தது. டிக்கியைத் திறந்தான். துடைத்துவிட்டதுபோல் காலி. விரிப்பில் மட்டும் இரண்டு ஆழமான தடங்கள் பதிந்திருந்தன.

“பிடிச்சுட்டேன்! இங்க ஏதோ கனமா வெச்சிருந்தீங்க இல்ல? அந்தப் பாரந்தான் டயரைத் தரையோட அழுத்திப் பிடிச்சிருக்கு. அதையே திரும்பத் தூக்கி வைங்க, வண்டி பெட்டிப்பாம்பா அடங்கிடும்.”

“அது என் பையனோட சக்கர நாற்காலி.”

“அதுக்கென்னக்கா, வீட்டுக்கு வேற ஒண்ணு...” என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஏற்கெனவே துடைத்திருந்த கையை மறுபடியும் துணியில் துடைத்தான்.

“வேகமாப் போனா அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அதுக்காகத்தான் இந்த வண்டியே வாங்கினேன்,” என்றாள்.

“மணல் மூட்டை வெச்சுத் தரேங்க்கா,” என்றான் மெல்ல. “எத்தனை கிலோ இருக்கும்?”

அவள் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாற்காலி மட்டும் சொல்லவா தம்பி, அவனையும் சேர்த்துச் சொல்லவா?”