பத்து மணி நேரம்தானே!

"அம்மாவ எடுத்துடாதீங்க தீபா! மெட்ராஸ்ல எறங்கிட்டேன், கார் கெளம்பிடுச்சு. மொகத்த ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றான் வினோத்குமார். போனிலேயே அழுதான்.

"நீ வராம யாரும் எதையும் எடுக்க மாட்டாங்கண்ணா. அம்மா ஒனக்காகத்தான் காத்துட்டிருக்காங்க. பதறாம வா" என்றாள் தங்கை தீபலட்சுமி.

அவள் குரலில் அழுகையே இல்லை. பாவம், ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு அள்ளிக் கொட்டியே ஓய்ந்துபோனவள். அழக்கூடத் தெம்பில்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

பாரிஸிலிருந்து சென்னை எட்டாயிரம் கிலோமீட்டர். வழியெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கண் மூடவில்லை. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது.

"ஃப்ரான்ஸுங்களா சார்? பிளேன்ல எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார் டிரைவர் வடிவேல்.

"பத்து மணி நேரம்தான்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். இதையே எத்தனை தடவை தங்கையிடம் சொல்லியிருக்கிறான்! "பத்து மணி நேரம்தானே தீபா, ஒண்ணுன்னா பறந்து வந்துட மாட்டேனா?"

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் கெஞ்சுவாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் ராசா."

"இருக்கறது ஒரு லீவும்மா. இப்ப வந்துட்டா அப்புறம்..." என்று இழுத்து நிறுத்துவான். மிச்சத்தை அவளே புரிந்துகொண்டு, "செரி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று போனை வைத்துவிடுவாள்.

அவனைப் போல் வெளிநாடு போனவர்கள் பலரும் செய்வதுதான். சாவுக்கும் கருமாதிக்கும் வேண்டுமே என்று லீவைப் பத்திரமாகப் பொத்தி வைத்திருப்பார்கள். போன வாரம் டாக்டர் கையை விரித்த பிறகும் இந்த மகராசன் பொத்தித்தான் வைத்திருந்தான்.

நேற்று தீபலட்சுமி, "அம்மா போயிட்டாங்கண்ணா. யாருக்கும் போன் பண்ணிட்டு நிக்காத, டிக்கெட்டப் பாரு" என்றாள். வேலை செய்யும் இடத்தில் மறுபேச்சில்லாமல் மூன்று வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள்.

ஊருக்குள் நுழையும்போது கருவடிக்குப்பம் சுடுகாட்டில் புகை எழும்பியது. அவன் டிரைவரின் தோளைத் தொட்டான்.

"எடுத்துட்டாங்களோ? வேகமா போங்கண்ணே!"

தட்டாஞ்சாவடியில் வீட்டு வாசலில் காரிலிருந்து குதித்தான். பந்தல் இல்லை, மேளச் சத்தம் இல்லை, ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. தெருவே வெறிச்சோடிக் கிடந்தது.

"ஐயோ, எடுத்துட்டாங்களே! எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தும் மொகத்தப் பாக்க முடியலையேம்மா!" என்று அலறிக்கொண்டே உள்ளே ஓடினான்.

கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"வந்துட்டியா ராசா? சாப்டியா?"

வினோத்குமார் அம்மாவையே பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அடுப்படியிலிருந்து வந்த தீபலட்சுமி, கஞ்சிக் கிண்ணத்தை அவன் கையில் வைத்தாள்.

"சாவுன்னாத்தானேண்ணா ஒனக்கு லீவு கெடைக்குது? இந்தா, நீ ஊட்டு."